கிராம்பு இல்லை, எலுமிச்சை இல்லை

நவம்பர் 6, 2024, புதன்

மழை. கும்பகோணம் பஸ் லேட். முழங்கால் பிடித்துக்கொண்டது.

நடையில் கால் வைக்கும்போதே நெடி. அம்மா ஊஞ்சலில் பேப்பரும் கையுமாக. "வாடி, காபி கலக்கட்டுமா?" என்கிறாள். வீடு முழுக்க கேஸ். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருக்கிறது. நாப் திறந்தபடியே. மூடினேன். ரெகுலேட்டரை மூடினேன். கொல்லைக்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். இருட்டாக இருக்கிறதே என்று அம்மா சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள். "தொடாதே!" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

ஒரு பொறி போதுமே. ஃபேனைத் தொடவில்லை, விளக்கைத் தொடவில்லை. செல்போனைக்கூட தெருவுக்கு வந்துதான் எடுத்தேன். திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். கொசு.

கை இன்னும் நடுங்குகிறது. அவள் அதற்குள் தூங்கிவிட்டாள்.

ரெகுலேட்டர் மூடியாச்சு. எழுந்து போய் இன்னொரு தரம் பார்த்தேன்.

நவம்பர் 7, வியாழன்

அம்மாவுக்கு வாசனை திரும்ப டாக்டர் சொன்ன பயிற்சி. தனியாக இருந்தால் செய்யவே மாட்டாள். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்கடியில் வைத்தேன். ஒவ்வொன்றும் இருபது விநாடி.

கிராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. ரோஜா: இல்லை. யூகலிப்டஸ் தைலம்: "சில்லுன்னு இருக்கு."

சில்லென்று இருந்தால் போதுமா?

அண்ணன் போன். "அடுப்பைத் தூக்கிடு. இண்டக்‌ஷன் வாங்கிக் குடு. இல்லைன்னா பெங்களூருக்குக் கூட்டிட்டு வந்துடறேன்." நியாயமாகத்தான் பேசுகிறான். அதுதான் எரிச்சல்.

கேஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் கலந்து அனுப்புகிறார்கள். ஊருக்கெல்லாம் அது எச்சரிக்கை. அம்மாவுக்கு வெறும் காற்று.

மத்தியானம் அவளே சமைத்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். "போலீஸ் மாதிரி நிக்காதே, போடி" என்றாள். போகவில்லை.

ரெகுலேட்டர் மூடியாச்சு.

நவம்பர் 8, வெள்ளி

கிராம்பு இல்லை. எலுமிச்சை இல்லை. ரோஜா இல்லை. தைலம் சில்.

பரணில் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கினேன். தும்மல் நிற்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டிப் பார்த்தேன். இரும்புத் தோசைக்கல் பிடித்தது. இரும்பு வாணலி பிடித்தது. வெண்கலப்பானை இல்லை. ஈயச்சொம்பு இல்லை. கல்சட்டி இல்லை. பித்தளை உருளி இல்லை. அலுமினியக் குக்கர் இல்லை. எவர்சில்வரில் பாதிக்கு மேல் இல்லை. காந்தம் ஒட்டாத பாத்திரம் இண்டக்‌ஷனில் சூடாகாது. அம்மாவுடைய சமையலே அதில் ஏறாது.

வாணலியும் அடி வளைந்தது. பர்னர் தாங்கியில் உட்காரும், சமதளத்தில் ஆடும்.

அண்ணி வாங்கிக் கொடுத்த நான்ஸ்டிக் தவா. நடுவில் பூச்சு உரிந்து உலோகம் தெரிகிறது. அம்மா இதைப் பெரிய தீயில் காலியாகக் காயவைத்து, அப்புறம் மாவு எடுக்க ஃபிரிட்ஜுக்குப் போகிறாள். 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். அந்தப் புகை நல்லதில்லை. எடுத்துக் கட்டி வைத்துவிட்டேன். "உன் அண்ணி கேட்டா என்ன சொல்றது?" கேட்கட்டும்.

உருளியில் உள்ளே பூசின ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. புளி சேர்த்தால் பித்தளை களிம்பேறும். ஈயம் பூசுகிறவர் வரும்வரை அதில் பால் பாயசம்கூட வேண்டாம். அலுமினியத்தில் புளிக்குழம்பு வேண்டாம். குழம்புக்குக் கல்சட்டி இருக்கிறதே.

ராத்திரி யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். பார்த்தால் தெரிய வேண்டும். கேட்டால் தெரிய வேண்டும். தொட்டால் தெரிய வேண்டும். மூக்கை நம்பி நிற்கும் எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது.

ரெகுலேட்டர் மூடியாச்சு.

நவம்பர் 9, சனி

கிராம்பு இல்லை. எலுமிச்சை இல்லை.

கேஸ் ஏஜென்சியிலிருந்து ஒரு தம்பி வந்தார். மூன்று தரம் போன் போட்ட பிறகு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போக வேண்டியவர்கள். யாரும் வரவில்லை என்கிறாள் அம்மா.

டியூபில் அச்சடித்த வருஷம் 2017. அஞ்சு வருஷம்தான் ஆயுள். அடுப்புப் பக்கம் மாட்டியிருக்கிற இடத்தில் வளைத்துப் பார்த்தேன். நகம் போகிற அளவுக்கு வெடிப்பு. எத்தனை நாளாக இப்படி! வயிற்றைப் பிசைந்தது.

புது டியூப். ஆரஞ்சு நிறம், உள்ளே கம்பிவலை, ஐஎஸ்ஐ முத்திரை. ஒன்றரை மீட்டர். சுருட்டவில்லை, அடுப்புக்கு அடியில் ஓட்டவில்லை.

சோப்புத் தண்ணீர் நான்தான் கரைத்தேன். தம்பி துணியில் தொட்டு இணைப்புகளில் தடவினார். அடுப்புப் பக்கம் ஒன்றுமில்லை. சிலிண்டர் வாயில், ரெகுலேட்டர் உட்காருகிற இடத்தில், கடுகளவு குமிழ் ஒன்று. உடைந்தது. இன்னொன்று. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "இதுவா அது?" ரெகுலேட்டரைக் கழற்றி உள்ளே இருந்த ரப்பர் வாஷரை மாற்றினார். திரும்பத் தடவினார். குமிழ் இல்லை. "முன்னல்லாம் தீக்குச்சி கொளுத்திக் காட்டுவாங்களே" என்றாள் அம்மா. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. இனி ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் சோப்புத் தண்ணீர் வேண்டுமாம். கண்ணால் பார்க்கிற கசிவு.

சிலிண்டர் மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் இருக்கிறது. கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் படியும். சமையல்கட்டு வேறு கூடத்தைவிட ஒரு படி தாழ்வு. தேங்கினால் வெளியே போக வழியே இல்லை. ஆசாரியைக் கூப்பிட்டு அலமாரிக் கதவைக் கழற்றச் சொன்னேன். கொல்லைக்கதவின் கீழ்ப்பகுதியில் கம்பி ஜாலி வைக்கச் சொன்னேன். எலி வராத கண்ணி. செவ்வாய்க்கிழமை வருகிறாராம்.

சுவரில் கொட்டை எழுத்தில் 1906 எழுதினேன். கசிவுக்கான எண். அம்மா, "சுவரைப் பாழாக்கறியே" என்றாள்.

ரெகுலேட்டர் அவளே மூடினாள். நான் பார்த்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். இதெல்லாம் எதற்கு? எழுபத்தாறு வயசு. என் வீட்டில் நான் சமைக்கிறேன், அவள் உட்காரட்டும். காலையில் எழுந்ததிலிருந்து இதே எண்ணம்.

பத்து மணிக்கு ரசம் வைத்தாள்.

ஈயச்சொம்பில் முதலில் புளித்தண்ணீர். தக்காளி, உப்பு, மஞ்சள்பொடி, ரசப்பொடி. அதற்கப்புறம்தான் அடுப்பு. வெறும் சொம்பைத் தீயில் வைத்தால் உருகி ஓடும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கிற வரைக்கும் சூடு 100ஐத் தாண்டாது, அதுதான் அதைக் காப்பாற்றுகிறது. தீ பக்கவாட்டில் ஏறித் தண்ணீர் மட்டத்தைத் தாண்டினாலும் ஆபத்து. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து தீயைப் பார்க்கிறாள். சிம்முக்கும் கொஞ்சம் மேலே. அடிவட்டத்துக்குள் அடங்கின தீ.

பச்சை வாசனை போயிற்றா என்று முன்பெல்லாம் மூக்கால் பார்ப்பாள். இப்போது நிறத்தைப் பார்க்கிறாள். தக்காளித்தோல் சுருண்டு பிரிவதைப் பார்க்கிறாள். பருப்புத் தண்ணீர் விட்டு விளாவினாள். விளிம்பில் வெள்ளையாக நுரை கட்டியது. வட்டம் குறுகி நடுவுக்கு வந்தது. எழும்பின நொடியில் இடுக்கியைப் போட்டு இறக்கிவிட்டாள். கொதிக்க விடவில்லை. தாளிப்பு சொம்பில் கிடையாது, தனியாக இரும்புக் கரண்டியில். நெய் அவ்வளவு சூட்டில் ஈயத்தில் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் அடங்குகிற வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். உப்பு தெரிகிறது. புளிப்பு தெரிகிறது. காரம் தெரிகிறது. ரசம் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. அப்படியே இருந்தது. தெருவரைக்கும் போயிருக்கும் அந்த மணம். சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் தரம் சாதம் கேட்டேன்.

திருச்சி வேண்டாம்.

கிராம்பு இல்லை. எலுமிச்சை இல்லை. ரோஜா இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் பையன் ஏணியைச் சாத்தி உத்தரத்துக்குக் கீழே அடிக்கப் பார்த்தான். தரையிலிருந்து ஒரு அடியில் அடி என்றேன். "அக்கா, எல்லா ஆபீஸ்லயும் மேலதான் இருக்கும்." அது புகைக்கு. இது சிலிண்டர் கேஸ், கீழேதான் வரும். பெட்டியில் வந்த தாளைக் காட்டின பிறகு ஒத்துக்கொண்டான். தண்ணீர் தெறிக்காத மூலையாகப் பார்த்து அடித்தான். பேட்டரியும் உண்டு, கரண்ட் போனாலும் கத்தும்.

அணைந்த சிகரெட் லைட்டரை அழுத்தி அதன் பக்கத்தில் காட்டினான். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் கத்தியதே! அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் வந்ததிலிருந்து இப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை.

காது கூர்மை. குக்கர் விசிலை வாசலிலிருந்தே எண்ணுகிறவள்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் சொல்லி வைத்தேன். சத்தம் கேட்டால் பெல்லை அடிக்காதே, கதவைத் தட்டு.

ஆசாரி ஜாலி அடித்துவிட்டுப் போனார். காற்று கணுக்காலில் படுகிறது. நன்றாக இருக்கிறது.

ரெகுலேட்டர்: அவளே.

நவம்பர் 13, புதன்

மழை. கரண்ட் இல்லை. துணி காயவில்லை. ஈர நாற்றம், எனக்கு மட்டும்.

அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்: கரண்ட் இல்லாத வீட்டில் அம்மா இட்லி வேகவைக்கிறாள். பதில் இல்லை.

கிராம்பு இல்லை. எலுமிச்சை இல்லை. ரோஜா இல்லை. தைலத்தைத் தள்ளிவிட்டாள். "வேண்டாம் விடு. வராது." பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 14, வியாழன்

பெரிய தெரு. அடுப்புக் கடை. பழைய அடுப்பு போகணும். இடது பர்னரில் தீ மஞ்சளாக எரிகிறது. துவாரத்தையெல்லாம் குத்திச் சுத்தம் செய்தும் நீலம் வரவில்லை. பாத்திரம் முழுக்கக் கரி. மஞ்சள் தீ என்றால் கேஸ் சரியாக எரியவில்லை, கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமே கிடையாது. அதில் அம்மாவும் நானும் ஒன்றுதான்.

தீ அணைந்தால் தானே மூடிக்கொள்கிற அடுப்பு வேண்டும் என்றேன். ஒரே ஒரு மாடல் இருந்தது. பர்னர் ஓரத்தில் ஒரு சின்ன ஊசி. தீ அதைச் சுட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் அதிலிருந்து வருகிற துளி மின்சாரம் உள்ளே வால்வைத் திறந்து பிடித்திருக்கும். தீ போனால் ஊசி ஆறும், வால்வு விழும். கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம் வால்வுக்கு.

ஆனால் பற்றவைத்ததும் நாப்பை அழுத்தியபடியே சில விநாடி பிடிக்க வேண்டும். அம்மாவின் கட்டைவிரல் மூட்டு வீங்கினது. அழுத்தினாள். விட்டுவிட்டாள். அணைந்தது. மறுபடி. அணைந்தது. கடைக்காரர், "பெரியம்மாவுக்குச் சாதா அடுப்பே போதுங்களே" என்றார். எனக்கு அழுகை முட்டியது. கடையைவிட்டு இறங்கிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் அவள் அங்கேயே நிற்கிறாள். ஒரு கையால் திருகி, இன்னொரு கையின் உள்ளங்கை அடிமேட்டால் அழுத்திப் பிடித்து, வாய்விட்டு எண்ணுகிறாள். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. விட்டாள். தீ நின்றது. "இதையே போடுங்க" என்றாள் கடைக்காரரிடம். என்னைப் பார்க்கவேயில்லை.

மேல்தட்டு கண்ணாடி. எனக்குப் பிடிக்கவில்லை. வேறு வழியில்லை.

நவம்பர் 15, வெள்ளி

ஐப்பசி கடைசி நாள். எதிர்வீட்டு அக்கா கடைமுக ஸ்நானத்துக்கு மாயவரம் போய்விட்டாள். பௌர்ணமி, கோவிலில் அன்னாபிஷேகம். சாயங்காலம் போக வேண்டும்.

அடுப்பு வந்தது. மேடையில் மட்டம் பார்த்து வைத்தாயிற்று, சிலிண்டரைவிட உயரம். சோப்புத் தண்ணீரை அம்மாவே தடவினாள். குமிழ் இல்லை.

தீ நீலம். ஓரத்தில் மஞ்சள் ஒரு நூல்கூட இல்லை. "தீயே இல்லாத மாதிரி இருக்கே" என்றாள். இப்படித்தான் இருக்கணும். மஞ்சள் பார்த்தால் எனக்குப் போன் போடு.

ஊதி அணைத்தேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கேஸ் வருகிற சன்னச் சத்தம். அப்புறம் உள்ளே, டக். சத்தம் நின்றது. அலாரம் பேசவில்லை. இன்னொரு தரம் அணைக்கச் சொன்னாள். டக். இன்னொரு தரம். அவளுக்குக் கேட்கிறது, தெளிவாகவே. ஜன்னலைத் திறந்துவிட்டு அவளையே ஊதச் சொன்னேன்.

கண்ணாடிக்குச் சொல்லிவைத்தது: சூடான பாத்திரத்தை அதன்மேல் இறக்காதே, தாங்கியின் மேலேயே இருக்கட்டும். சூட்டோடு ஈரத்துணி போடாதே. வெண்கலப்பானையைச் சின்ன பர்னரில் வைக்காதே. தலையாட்டினாள். கேட்டுக்கொண்டாளா?

கோவிலில் கூட்டம். லிங்கம் தெரியாத அளவுக்கு அன்னம். முதல் தடவையாக அவளுக்காக வேண்டிக்கொள்ளவில்லை, அடுப்புக்காக வேண்டிக்கொண்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

குக்கரைப் பார்த்தேன். கேஸ்கெட் விறைத்திருக்கிறது, புதுசு போட்டாயிற்று. வெயிட் உட்காருகிற குழாயை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தேன், பருப்புத்தோல் அடைப்பு. ஊசியால் எடுத்தேன். பருப்பு பாதிக்கு மேல் போடாதே. அவளுக்குத் தெரியும். தெரிந்ததையே சொல்கிறேன் என்று கோபம்.

சமைக்கும்போது பாலியஸ்டர் நைட்டி. அது தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்திப் புடவைதான், முந்தானையைச் செருகிக்கொண்டுதான். இதற்கும் சண்டை. நைட்டி இரண்டையும் என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தவாவுக்குப் பதில் இரும்புக் கல். பழசு, அம்மாவுடைய கல். துருவைத் தேய்த்து, கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தோம் வெள்ளிக்கிழமையிலிருந்து. இன்று கழுவி, துடைத்து, நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்து, சிறு தீயில். முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவதும். நாலாவது வட்டமாக எழுந்து வந்தது. கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கிறாள். சுர்ரென்றால் சரி. இதற்கு மூக்கே வேண்டாம்.

விரலில் சூடு பட்டது. சின்னதுதான். எரிகிறது.

ரெகுலேட்டர்: கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். மூடியிருந்தது.

நவம்பர் 18, திங்கள்

கிராம்பு: "ஏதோ தெரியறது."

நெஞ்சு படபடத்தது. என்ன தெரியறது? "காரமா, ஊசி மாதிரி." எலுமிச்சை இல்லை. ரோஜா இல்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். காரமும் குளிர்ச்சியும் வேறு நரம்பு, வாசனை இல்லை என்கிறார். ஆனால் நிறுத்த வேண்டாம், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகி வந்திருக்கிறது என்கிறார். அம்மாவிடம் இரண்டாவதை மட்டும் சொன்னேன்.

அண்ணன். "நீ போனப்புறம் யார் பாப்பா?" முக்கால் மணி நேரம். நான் கத்தினேன், அவனும் கத்தினான். அவனுக்கும் பயம்தான். நெடி அடித்த நடையில் நின்றவள் நான். பயம் எனக்குக் குறைவா? அவளை உட்கார வைத்துச் சோறு போட்டால் பத்திரமாக இருப்பாள், சரி. எதற்காக எழுந்திருப்பாள்?

அவனுக்கு அலாரத்தின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். டக் சத்தத்தையும்.

நவம்பர் 20, புதன்

திருச்சி. மூட்டு வலி. வீடு தூசி.

கிளம்பும்போது அவள் அழவில்லை, எனக்குத்தான். கட்டுச்சோறு, புளியோதரை. கல்சட்டியில் காய்ச்சின புளிக்காய்ச்சல். பஸ்ஸிலேயே பிரித்துவிட்டேன்.

ராத்திரி என் அடுப்பின் டியூபைப் பார்த்தேன். 2022. இருக்கட்டும். சிலிண்டரின் மேல்தகட்டில் பி-26 என்று இருக்கிறது, 2026 ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் மறுபரிசோதனை. அதுவரை சரி.

ஒன்பது மணிக்கு அவளே போன் போட்டாள். "மூடிட்டேன். படுத்துக்கோ."

நவம்பர் 22, வெள்ளி

வெள்ளிக்கிழமை தோறும் அலாரத்தின் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தேன். போனிலேயே கேட்டது. காது கிழிகிறது. "ஆச்சா?" என்றாள் பெருமையாக.

இன்று பருப்புருண்டைக் குழம்பாம், எதிர்வீட்டுக்கும் சேர்த்து. கை எப்படி இருக்கிறது என்றேன். அஞ்சு வரைக்கும் எண்ணுகிறேன், வலித்தால் மூணோடு விட்டுப் பார்க்கிறேன், சிலசமயம் நிற்கிறது என்கிறாள்.

கிராம்பு காரம். மற்றதெல்லாம் இல்லை. தினம் இரண்டு வேளையும் செய்கிறாளாம். நம்புகிறேன். நம்பவில்லை. நாளைக்கும் கேட்பேன்.

எழுதிவைக்க: டியூப் 2029. உருளிக்கு ஈயம். டிசம்பரில் ஒரு தரம் போய் மஞ்சள் தீ வருகிறதா பார்க்கணும்.

அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன். பொங்கலுக்குக் குடும்பத்தோடு கும்பகோணம் வா. புது அடுப்பில், வெண்கலப்பானையில், அம்மாதான் பொங்கல் வைப்பாள். பக்கத்தில் நின்று முழுசாகப் பார். அதற்கப்புறம் அவளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளிடமே கேள்.